கூத்தாநல்லூர் சாலை பாய் தைத்துக் கொடுத்த ஆறு பைகள்

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகும் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு படுதாக் கடை இருக்கிறது. வாசலில் மடித்து அடுக்கிய நீலத் தார்ப்பாய், உள்ளே இரண்டு தையல் மிஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு மர பெஞ்சு. இதுதான் அடையாளம். நெல் மூடும் படுதா, டிராக்டர் டிரெய்லருக்கு மேல்துணி, கல்யாணப் பந்தலுக்குப் பக்கத் திரை, இவைதான் அங்கே வழக்கமாக நடக்கும் வேலை. எங்கள் வீட்டுக் களத்துப் படுதா மூன்றும் அங்கே தைத்தவைதான். ஆனால் நான் இப்போது எழுத வந்தது அவற்றைப் பற்றியில்லை. போன அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோ மலையில், ஏறக்குறைய 10,000 அடி உயரத்திலிருந்து, ஒரு எல்க் மானின் இறைச்சி முழுவதையும் எங்கள் முதுகில் இறக்கிக்கொண்டு வர உதவிய ஆறு காடாத் துணிப் பைகளைப் பற்றி.

என் அக்கா மகன் டென்வரில் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குறுவை அறுவடை முடிந்து, சம்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தம்பி சொன்ன பிறகுதான் டிக்கெட் போட்டேன். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது போன் வந்தது.

"மாமா, எனக்கு இந்த வருஷம் எல்க் டேக், அதான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு, கிடைச்சிருக்கு. முதல் வேட்டை. நீங்களும் என்னோட மலைக்கு வர்றீங்க. துப்பாக்கி நான் பாத்துக்கறேன், சுமக்க ஒரு ஆள் வேணும்."

அதோடு இன்னொன்றும் கேட்டான். அங்கே கடையில் வாங்கிய இறைச்சிப் பைகள் வலைத்துணி மாதிரி இழுபடுகின்றன, அவற்றை நம்பி மலையேற மனம் வரவில்லை, நம் ஊரில் கெட்டியான காடாத் துணியில் ஆறு பை தைத்துக் கொண்டுவர முடியுமா என்று.

எல்க் நம் கடமானுக்குத் தூரத்து உறவு. வாப்பிட்டி என்றும் பெயர் உண்டு. பெண் மானே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆண் 300 கிலோவையும் தாண்டும். வண்டி போகாத காட்டில் அது விழுந்தால், விழுந்த இடத்திலேயே தோலை உரித்து, நாலு காலையும் தனித்தனியாகப் பிரித்து, முதுகுக் கறி, கழுத்துக் கறி எல்லாம் எடுத்துப் பையில் போட்டு முதுகில் தூக்கி வர வேண்டும். பை காற்றை விட வேண்டும், ஈயை விடக் கூடாது, எலும்பு முனை குத்தினாலும் கிழியக் கூடாது.

இதையெல்லாம் நான் கடைக்காரர் பாயிடம் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி துணியைப் பற்றியது இல்லை.

"தம்பி, இது சட்டப்படிதானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து மானைக் கொல்வது சிறைக்குப் போகும் குற்றம். நம் பக்கத்திலேயே கோடியக்கரை இருக்கிறது. வெளிமானுக்காக 1967இல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அங்கே போய், புல்வெளியில் துள்ளி ஓடும் வெளிமான்களை வாயைப் பிளந்து பார்த்தவன் நான். அந்த மானை ஒருவன் சுட்டான் என்று கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரியும். அதனால் இதே கேள்வியை அக்கா மகனிடம் நானும் கேட்டிருந்தேன். அவன் சொன்னதைப் பாயிடம் சொன்னேன். கொலராடோவில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் எல்க் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு ஏறக்குறைய அழிந்துபோய், வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கியவை. இப்போது எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், ஆணா பெண்ணா, எத்தனை எடுக்கலாம் என்று மாநில வனவிலங்குத் துறை கணக்குப் போட்டு, குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு தருகிறது. அந்தச் சீட்டுதான் டேக். பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறியதற்கான அட்டை இல்லாமல் அதை வாங்க முடியாது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டு வந்தால் அதுவும் குற்றம்.

கடைசி வரியைக் கேட்டதும் பாய் தலையை ஆட்டினார். "வீணாக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கா? சரி, அப்ப தைக்கலாம்."

அதன் பிறகுதான் உண்மையான விசாரணை ஆரம்பித்தது. ஒரு பைக்குள் எத்தனை கிலோ? ஈரமா, காய்ந்ததா? எலும்பு எந்தப் பக்கம் வரும்? தொங்கவிடுவீர்களா, தரையில் வைப்பீர்களா? முதுகில் மாட்டும்போது பையைப் பிடித்து இழுப்பீர்களா, அடியில் கை கொடுத்துத் தூக்குவீர்களா? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. அக்கா மகனைப் போனில் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். அங்கே அப்போது நள்ளிரவு. பேசி முடித்து, சுவரில் அளவு எழுதும் இடத்தில் கரியால் ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். பையின் அடிப்பாகத்தை நீலத் தார்ப்பாயிலேயே வைத்துவிட்டால் நனையாது, ரத்தமும் ஒழுகாது என்று. பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஈர நெல்லக் குவிச்சு, தார்ப்பாயப் போட்டு இறுக்கி மூடினா என்ன ஆகும்?"

"சூடேறும்."

"உள்ள கைய விட்டா சுடும்ல? கறியும் அதே கதைதான் தம்பி. நாங்க பக்ரீத்துக்குப் பங்கு போடுறப்ப சூடு ஆறாத கறிய பிளாஸ்டிக் பையில கட்டினா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வாடை வந்துரும்."

டெல்டாவில் களம் வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லை, மழைக்குப் பயந்து இரண்டு நாள் மூடிவைத்துவிட்டுத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், நெல் பழுத்துப் போயிருக்கும். நெல் மூச்சு விட்டுச் சூடாகிறது, இறைச்சியில் உடம்புச் சூடு தங்கிக் கெடுகிறது. காரணம் வேறுவேறு, ஆனால் மூடிவைக்கிறவன் செய்யும் தப்பு ஒன்றுதான். இத்தனை வருடம் நெல்லில் பார்த்ததை இறைச்சிக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. நான் கேட்டபடியே தைத்துக் கொடுத்திருந்தால் அவருக்கு வேலை மிச்சம். அப்படிச் செய்யாததற்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பைகளைச் சொல்கிறேன். பெரியது நாலு, 42 அங்குல நீளம், 24 அங்குல அகலம். சின்னது இரண்டு. கெட்டிக் காடாத் துணி, வெளுக்காதது. வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்துத்தான் கத்தரி வைத்தார். இல்லாவிட்டால் முதல் முறை நனைந்ததுமே சுருங்கி அளவு கெட்டுவிடும் என்றார். தையல் எல்லாம் ஓரத்தை உள்ளே மடித்து இரண்டு ஓட்டு ஓட்டியது. பிரிந்த நூல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அடியில் ஒரு பட்டை, வாய்க்குக் கீழே ஒரு பட்டை, இரண்டும் கையை விட்டுத் தூக்குகிற அளவுக்கு அகலம். பட்டை சேரும் இடத்தை மிஷினை நம்பி விடாமல் கோணி ஊசியால் கையாலேயே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தார்.

கேட்காமலேயே செய்த ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பையின் வாய் ஓரத்திலும் வேறுவேறு நிறத்தில் நூல் ஓட்டியிருந்தார். கொள்முதல் நிலைய வாசலில் ஒரே மாதிரி நூறு படுதா கிடக்கும்போது யாருடையது எது என்று தெரிய அவர் போடுகிற அடையாளம் அது. எங்கள் வீட்டுக்குச் சிவப்பில் இரட்டைக் கோடு. அந்தப் பழக்கத்தில்தான் இதிலும் போட்டிருக்கிறார். மலையில் அது எவ்வளவு உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

விலை: பெரிய பை 260 ரூபாய், சின்னது 140. ஆக 1,320. சொன்ன நாளுக்கு மூன்று நாள் தாமதம். துணி காய வெயில் இல்லை என்றார். உண்மைதான், அந்த வாரம் முழுக்க மழை. ஆனாலும் ஒரு வார்த்தை போன் செய்து சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வண்டியை எடுத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

மலைக் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் போனது கொலராடோவின் வடமேற்கில் பிளாட் டாப்ஸ் என்ற காட்டுக்கு. டென்வரிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். அந்தக் காட்டின் எல்லைக்குள் மோட்டார் வண்டி மட்டுமில்லை, சைக்கிளுக்குக்கூட அனுமதி கிடையாது. கார் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் போட்ட இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு என்னுடையது. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஆற்றுக் கரைதான். முதல் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "மெதுவா வாங்க மாமா, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க, அவசரமே இல்ல" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

முதல் ராத்திரி சோறு வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. முக்கால் மணி நேரம் கேஸ் எரிந்தும் நடுவில் அரிசி நறுக்கென்றே இருந்தது. குக்கர் இருந்தால் வெந்திருக்கும், அதை யார் சுமப்பது? டென்வர் இந்தியக் கடையில் வாங்கிய அவலும், அக்கா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலும்தான் அடுத்த நாலு நாளும் எங்களைக் காப்பாற்றின. முதல் தடவை இப்படி மலைக்குப் போகிறவர்கள் அரிசியைக் கொண்டுபோக வேண்டாம், அவல் கொண்டுபோங்கள். வெந்நீரை ஊற்றி மூடினால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு.

இரண்டாம் நாள் மான் கண்ணில் படவில்லை. தடம் பார்த்தோம், புழுக்கை பார்த்தோம், கொம்பைத் தேய்த்துப் பட்டை உரிந்த ஆஸ்பென் மரங்கள் பார்த்தோம். அன்று முழுக்க அவன் எனக்குக் காற்றைத்தான் சொல்லிக் கொடுத்தான். மலையில் காலை வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும். சாயங்காலம் குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும். எல்க்கின் மூக்குக்கு நம் வாடை ஒரு முறை எட்டிவிட்டால் அந்தக் கூட்டம் அந்தப் பள்ளத்திலேயே இருக்காது. சின்ன குப்பியில் மாவு வைத்துக்கொண்டு, கொஞ்சம் பிதுக்கி, அது எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தான். களத்தில் நெல் தூற்றும்போது என் அப்பா ஒரு கைப்பிடி பதரை எறிந்து காற்றைப் பார்ப்பார். அவனுக்கு அது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, அவன் பிறந்தபோது அறுவடை மிஷின் வந்துவிட்டது.

இருவரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தோம். துப்பாக்கி வேட்டைக் காலத்தில் வேட்டைக்காரருக்கு அது சட்டம். குறைந்தது 500 சதுர அங்குலம், அதில் ஒரு பகுதி தலையில் இருக்க வேண்டும். இதையும் பாயிடமே தைத்துவிடலாமா என்று ஊரிலிருந்தே கேட்டிருந்தேன். காவி நிறமெல்லாம் செல்லாது மாமா, ஒளிரும் ஆரஞ்சாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளிரும் ரோஸ், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றுவிட்டான்.

மூன்றாம் நாள் விடியற்காலை. புல்வெளி ஓரத்தில், மரநிழலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பெண் மான்கள் வந்தன. மூச்சுவிடும்போது அவற்றின் வாயிலிருந்து புகை கிளம்பியது. அவன் படுத்துக்கொண்டான். நான் பின்னால் ஒரு விழுந்த மரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒன்று மற்றவற்றை விட்டு விலகி, உடம்பை முழுதாகக் காட்டி நிற்கும் வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், அவன் விரல் விசையில் போகவில்லை. பின்னால் வேறு மான் நின்றால் சுடக் கூடாது என்பது அவன் எனக்கு முதல் நாளே சொன்னது. அப்புறம் ஒரே ஒரு வெடி. அது அறுபது எழுபது மீட்டர் ஓடி, புல்லில் மடிந்து விழுந்தது.

பக்கத்தில் போனதும் அவன் கை நடுங்கியது. துப்பாக்கியைக் காலி செய்து தள்ளி வைத்துவிட்டு, மானின் கழுத்தில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். நானும் பேசவில்லை. கண் திறந்தே இருந்தது, அதில் வானம் தெரிந்தது. கோடியக்கரை ஞாபகம் எனக்கு வந்தது. அந்த இடத்தில் எனக்கு இருந்த ஒரே சமாதானம், இதில் ஒரு துண்டுகூட வீணாகாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அவன் எழுந்து டேக்கில் தேதி போட்டுக் கையெழுத்திட்டான். வேலையை ஆரம்பித்தோம்.

வயிற்றைத் திறக்காமலே இறைச்சி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி உரித்து, முன்கால், பின்தொடை, முதுகுக் கறி, கழுத்துக் கறி என்று எடுத்துவிட்டு, புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. முதல் தடவை செய்கிறவன் ஆதலால் அவனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கால்களைப் பிடித்துக்கொள்வது என் வேலை. உரித்த தோலுக்கு அடியில் கையை வைத்தால் அடுப்படி மாதிரி சூடு. பாய் சொன்னது அப்போது உள்ளங்கையில் புரிந்தது.

ஊரிலிருந்து வந்த நல்ல பைகளைப் பத்திரமாக வைப்போம் என்று, முதல் பின்தொடைக்கு அவன் அங்கே கடையில் வாங்கிய வலைப் பையைத்தான் எடுத்தான். இருவரும் சேர்ந்து தூக்கினோம். துணி முழங்கால் அளவுக்கு இழுபட்டுக் கீழே இறங்கி, எலும்பு முனையில் பிளந்துகொண்டது. இறைச்சி நேராகக் காய்ந்த ஊசியிலைச் சருகில். ஒவ்வொரு இலையாகக் கையால் பொறுக்கி எடுத்தோம். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

பாய் தைத்த பையில் தொடையை இறக்கி, பட்டையில் கைகொடுத்துத் தூக்கினோம். துணி முறுக்கேறி நின்றது. ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. எலும்புள்ள பின்தொடை ஒவ்வொன்றும் 25 கிலோவுக்குக் குறையாது. நாலு பெரிய பையும் அப்படியே தாங்கின. உயிருள்ள இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பு கட்டி, கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, நிழலில் தொங்கவிட்டோம். அந்தக் காட்டில் வண்டு அரித்துப் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் ஏராளம், அவற்றை நம்பிக் கயிறு போடக் கூடாது. தள்ளித் தொங்கவிட்டது கருங்கரடிக்காக. கரடி வரவில்லை. சாம்பல் நிறக் காட்டுக் குருவி இரண்டு வந்து பையின் மேல் உட்கார்ந்து கொத்திக் கொத்திப் பார்த்தன. துணி விடவில்லை.

மதியம் வெயிலில் ஈ வந்தது. அக்டோபர் கடைசியிலும் நடுப்பகலில் ஈ இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காடாவின் நெசவில் அதற்கு வழி இல்லை. சாயங்காலம் பையைத் திறந்து தொட்டுப் பார்த்தோம். இறைச்சியின் மேல் மெல்லிய ஏடு மாதிரி காய்ந்திருந்தது, அடியில் குளிர்ந்திருந்தது. அந்தக் காய்ந்த ஏடுதான் பாதுகாப்பு என்றான் அவன். ராத்திரி தண்ணீர்ப் புட்டி உறைகிற குளிர். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, ஒரு கிராமத்துப் படுதாக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்த விஷயம் இங்கே வெளியே மரத்தில் தொங்குகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வர வெகுநேரம் ஆயிற்று.

இப்போது குறை. காலையில் வாய் நாடா உறைந்து கல்லாகியிருந்தது. பருத்தி நாடா, ஈரத்தைக் குடித்து, முடிச்சோடு சேர்ந்து இறுகிவிட்டது. விரலால் அவிழ்க்க முடியாமல் மூன்று பையில் நாடாவைக் கத்தியால் அறுத்தோம். இன்னொன்று, எடை. ஒரு பெரிய பை ஏறக்குறைய 270 கிராம், நனைந்தால் இன்னும் அதிகம். அங்கே விற்கும் நல்ல செயற்கைத் துணிப் பைகள் இதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு கிராமும் எண்ணி மலையேறுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். எங்களுக்குக் கிழியாமல் இருந்ததே போதும்.

அதே கடையில் மழைக்குக் கூரையாகக் கட்ட ஒரு கித்தான் விரிப்பும் தைத்துக் கொண்டுபோயிருந்தேன், 10 அடிக்கு 12 அடி. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எடை நாலரை கிலோ. கார் நிறுத்திய இடத்தில் கட்டிப் பார்த்தபோதே ஓரத்து இரும்பு வளையம் இரண்டு பிடுங்கிக்கொண்டன. காரிலேயே விட்டுவிட்டுப் போனோம். பைக்குக் கேட்ட கேள்விகளை இதற்கு அவர் கேட்கவில்லை, களத்தில் விரிக்கிற படுதா மாதிரியே தைத்துவிட்டார். முதுகில் சுமக்கப் போகிறோம் என்று நானும் அழுத்திச் சொல்லவில்லை.

இறங்கியது இரண்டு நாள். முதல் நாள் ஆளுக்கு ஒரு பின்தொடை. இறக்கிவிட்டு மறுபடி ஏறி, மறுநாள் ஆளுக்கு ஒரு முன்காலும் ஒரு சின்ன பையும். பெண் மான் என்பதற்கு அடையாளமான பாகத்தை ஒரு தொடையோடு ஒட்டியபடியே விட்டுவைக்க வேண்டும், அதிகாரி நிறுத்திக் கேட்டால் அதையும் டேக்கையும் காட்ட வேண்டும். அந்தப் பை எது என்று தேட வேண்டியிருக்கவில்லை, பச்சை நூல் போட்டது. முதுகுக் கறி மஞ்சள் நூல். இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், உறைந்த விரலோடு, எந்தப் பையையும் தப்பாகத் திறக்காமல் இருந்ததற்கு அந்த நூல்தான் காரணம். 25 கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கும்போது தொடை நடுங்கும். இளவயதில் நெல் மூட்டை தூக்கியிருக்கிறேன், ஆனால் அது களத்திலிருந்து வண்டி வரைதான். இங்கே ஐந்து கிலோமீட்டர். இரண்டாம் நாள் பாதி வழியில் பனி தூவ ஆரம்பித்தது. அவன் முன்னால் போய், வழுக்கும் இடத்தில் நின்று, கை கொடுத்துக் கொடுத்து இறக்கினான். சின்ன வயதில் வாய்க்கால் மதகைத் தாண்ட நான் கை கொடுத்த பையன்.

வீட்டில் எலும்பு நீக்கி எடை போட்டபோது 68 கிலோ. அந்த ஊர் மான்களுக்கு மூளையைத் தாக்கும் ஒரு தீராத நோய் உண்டு. 1967இல் கொலராடோவில்தான் அதை முதலில் கண்டார்கள். அதனால் நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று முடிவு வரும் வரை ஒரு துண்டும் சமைக்காமல் உறையவைத்திருந்தோம். முடிவு வந்த அன்று முதுகுக் கறியை மிளகு வறுவல் செய்தேன். கொழுப்பே கிடையாது, வெள்ளாட்டுக் கறியைவிட மென்மை, எந்தக் கவிச்சியும் இல்லை. எங்கள் கையில் ஒரு கிலோகூடக் கெடவில்லை.

பைகளைக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். லேசான பழுப்புக் கறை மட்டும் போகவில்லை. மன்னார்குடி வந்த மூன்றாம் நாள் கடைக்குப் போய்ப் பாய் மடியில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பட்டைத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஒரு பையின் அடி மூலையில் எலும்பு உரசி ஒரு இழை பிரிந்திருந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவர் விரல் நேராக அங்கே போய் நின்றது. "இங்க ரெட்டைத் துணி வெச்சிருக்கணும்" என்றார். நாடா உறைந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீர் குடிக்காத வழவழப்பான நைலான் கயிறு போட்டு, முடிச்சு இல்லாமல் இழுத்து நிறுத்த ஒரு சின்ன மரக்கட்டை கோத்துவிடலாம் என்றார். கித்தான் வளையத்தைப் பற்றியும் சொன்னேன். விரிப்பைக் கொண்டுவரச் சொல்லி, காசு வாங்காமல் வளையங்களை மாற்றிக் கொடுத்தார். எடையை மாற்ற முடியாது, அது இப்போது எங்கள் களத்தில் இருக்கிறது.

பைக்கு ஐந்துக்கு நாலரை போடுவேன், கித்தானுக்கு ஐந்துக்கு இரண்டு. போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் போனால் படுதா வேலைக்குப் பின்னால்தான் உங்கள் வேலை. சொன்ன தேதியோடு நாலு நாள் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருளுக்கு, எவ்வளவு கனம், யார் தூக்குவது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், சொல்லாவிட்டால் படுதா அளவில் தைத்துவிடுவார்.

அக்கா மகனோடு வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் பை வேண்டுமாம். போன வாரம் பன்னிரண்டு பைக்குச் சொல்லப் போனேன். துணி விலை ஏறிவிட்டது, பெரிய பை இப்போது 290 என்றார். சரி என்று அளவைச் சொல்ல ஆரம்பித்தேன். "இருக்கு தம்பி" என்று சுவரைக் காட்டினார். படுதா அளவுகளுக்கு நடுவே, போன வருடம் கரியால் எழுதியது அழியாமல் இருந்தது: 42, 24, மான், 25 கிலோ, ஈரம்.